பதினேழு நீலத் திட்டுகள்

ஐஸ் கம்பெனியில் பில் எழுதுகிறவள் நான்.
சனிக்கிழமை பிற்பகல் மட்டும்
பில் புத்தகத்துக்கு அடியிலிருந்து
வேறொரு தாள்கட்டை உருவிக்கொண்டு
பாம்பனிலிருந்து சின்னப்பாலத்துக்கு நடப்பேன்.

எல்லா நாடும் அணுகுண்டைக் கலைத்துப் போடட்டும் என்று
தாளின் தலையில் நாலு வரி.
கீழே பெயர், ஊர்,
கையொப்பம் அல்லது இடது பெருவிரல்.

கச்சான் மணலை வாரி முகத்தில் அடிக்கிறது.
தாள் பறக்காதிருக்க
ஒரு சங்கை மேலே வைத்துப் பேசுகிறேன்.

"இதுக்கு டீசல் மானியம் உண்டா?" என்றார் சந்தியாகு.
இல்லை.
"புடிச்சு வச்ச படகை விடுவானா?"
இல்லை.
"சின்னத் துப்பாக்கிக்கே வழியக் காணோம்
நீ பெரிய குண்டுக்குப் போயிட்ட"
என்றபடியே பேனாவை வாங்கி
'ச' மட்டும் பெரிதாக
மற்றதெல்லாம் அலையாகப் போட்டார்.

டீக்கடை அப்பாஸ் மந்திரி
முதலில் எழுதினார், பிறகு கேட்டார்:
"நம்மகிட்ட இருக்கிறதையுமா?"
அதையும்தான்.
பெயரை இரண்டு கோடு போட்டு அடித்தார்.
டீக்குக் காசு வாங்கவில்லை.

கரையில் மரிக்கொழுந்துப் பாசி காய்கிறது.
நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியும்
காலில் கட்டிய அலுமினியத் தட்டுமாக
இப்போதுதான் கடலைவிட்டு ஏறிய பெண்கள்
பல் கிட்ட நிற்கிறார்கள்.

"உலகத்துல மொத்தம் எத்தன இருக்கு?"
பன்னிரண்டாயிரத்துக்கு மேலே, என்றேன்.
களஞ்சியம் ஈரத்தலையைப் பிழிந்தாள்.
"மாசத்துல பன்னண்டு நாள்தான் பாசிக்குப் போறதுன்னு
நாங்களே கூடிப் பேசி வச்சிருக்கோம்.
வேர விட்டுட்டுத்தான் கிள்ளுவோம்.
மீறுனவளக் கூட்டத்துல நிறுத்திக் கேப்போம்.
அவங்கள நிறுத்திக் கேக்க
ஒரு கூட்டம் இல்லயா?"

துண்டுப் பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கத்திலும் பதில் இல்லை.

விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.
மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் அழுத்தினாள்.
நீலமாய் ஒரு திட்டு.
சுழி இல்லை, கோடு இல்லை.
"ரேஷன் கடை மெஷினுக்கே என்னத் தெரியாது" என்று சிரித்தாள்.
அடுத்தவளும் வைத்தாள், அதற்கடுத்தவளும்.
பதினேழு திட்டுகள்.

ஆகஸ்ட் ஆறு.
ஹிரோஷிமாவில் எட்டேகாலுக்கு மணி அடித்தபோது
இங்கே நாலே முக்கால், இருட்டு.
யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.
வள்ளத்தைத் தள்ளியவர்கள்
ஒரு வார்த்தை பேசாமல் தள்ளினார்கள்.
காற்று அப்படி.

சென்னையிலிருந்து குழுவின் கடிதம் வந்தது:
தோழர், தங்கள் உழைப்புக்கு நன்றி.
ரேகை தெளிவற்ற பதினேழு பதிவுகளைக்
கணக்கில் சேர்க்க இயலவில்லை.

ஐஸ் கம்பெனி பில்லின் முதுகில் பதில் எழுதினேன்:

அந்த நகரத்தில் ஒரு கல் படியில்
உட்கார்ந்திருந்த ஆள் போனபின்
நிழல் மட்டும் இருந்தது.
பெயர் கேட்காமல், ரேகை கேட்காமல்
அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம் நாம்.
இங்கே ஆள் இருக்கிறார்கள்.
ரேகையைத்தான் கல் வைத்துக்கொண்டது.
சரிபார்க்க வேண்டுமென்றால்
குருசடைத் தீவைச் சுற்றிக் கடலடிப் பாரில்
ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்க்கலாம்.
மூச்சடக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.
வனத்துறையிடம் நான் சொல்லவில்லை என்று சொல்லவும்.

தபாலில் போட்டுவிட்டு வரும் வழியில்
களஞ்சியம் வீட்டு வாசலில்
பழையதும் கருவாடும் தின்றுகொண்டிருந்தாள்.
போன வாரத்து மை
நகக்கண்ணில் இன்னும் இருந்தது.
"சோப்புப் போட்டேன், போகல" என்றாள்.
"என்ன சொன்னாங்க?"

பாக்கித் தாள் இருக்கிறதா என்று
பையைத் துழாவினேன்.